அறுபத்தெட்டு லிட்டர்

பத்தொன்பது வருஷமாக
இந்த ஆற்றை பஸ்ஸிலிருந்தே பார்த்தவள் நான்.
கோபரிட்டிலிருந்து போவெட்ஸ் போகையில் அது பயணிகளின் பக்கம்,
திரும்புகையில் என் ஜன்னல் பக்கம்.
சோச்சா.
பச்சை என்று சொல்லிவிடலாம்.
சொன்னதும் பொய்யாகிவிடுகிற பச்சை.

கயாக் வாங்கப்போகிறேன் என்றதும்
பணிமனையில் மெக்கானிக் மிட்யா சிரித்தான்:
ஆழம் தெரியாமல் காலை விடாதே, யெர்னேயா.
இதில் காலை விடுவதில்லையடா,
இடுப்புவரை செருகிக்கொள்வது.

கடைக்கார ஊரோஷ் முதலில் கேட்டது எடையை.
எழுபத்தொன்று என்றேன்.
டாக்டரிடம் சொல்லும் எடையா, தராசு சொல்லும் எடையா?
எழுபத்தாறு.
தலையசைத்துவிட்டு மஞ்சள் படகொன்றை இறக்கினான்,
குட்டை, சப்பை மூக்கு,
அலைமேல் குட்டிக்கரணம் போடுகிறவர்களுக்கானது.
என் பாதங்கள் உள்ளே போக மறுத்தன.
அடுத்தது சிவப்பு.
அருவியில் குதிக்கிறவர்கள் வாங்குவார்களாம்.
தகர டப்பாவில் மிஞ்சிய கடைசிப் பட்டாணிபோல
அதற்குள் உருண்டேன்.
இடுப்பை ஆட்டினால்
நான் ஆடுகிறேன், படகு சும்மா இருக்கிறது.
விலைச்சீட்டைப் பார்த்தேன்.
பார்த்த பக்கத்தை மறைத்துத் திருப்பி வைத்தேன்.

ஸ்ர்பெனிட்சாவில் பிரினாவின் வீட்டுப் பின்புறம்
விறகடுக்குக்குக் கீழே கிடந்தது மூன்றாவது.
வெயில் தின்ற நீலம். அறுபத்தெட்டு லிட்டர்.
அவளுக்கு இருபத்து மூன்று வயது,
வலது தோள் இரண்டு முறை கழன்றுவிட்டது,
மூன்றாவது முறைக்கு மருத்துவர் சம்மதிக்கவில்லை.
அதை ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

கவிழ்த்துப்போட்டு அடிவயிற்றைப் பார்த்தேன்.
ஒவ்வொரு கீறலும் ஒரு பாறை.
இருக்கைக்கு நேர்கீழே கட்டைவிரலால் அழுத்தினேன்,
அங்கேதான் முதலில் தேயுமாம்.
அமுங்கியது,
யோசித்தது,
திரும்பி வந்தது.

உட்காருங்கள் என்றாள்.
உட்கார்ந்தேன். தொடைகள் தாமாக இடம் கண்டுகொண்டன.
சரி, என்று சொல்லிவிட்டு
ஒற்றைக் கையால் என்னைப் புல்வெளியில் உருட்டிவிட்டாள்.

முகத்தில் ஈரமண். மூக்கில் ஒரு எறும்பு.
மேலே படகு, கீழே ஆகாயம்,
நடுவில் நான், சாவி தொலைத்த வீட்டுக்காரிபோல.
முழங்காலை விட்டதும் படகு என்னை விட்டது.
நிமிர்ந்து நிற்கையில் பிடிப்பதும்
தலைகீழானால் விடுவதும்:
வேறென்ன கேட்பது ஒரு படகிடம்?
(மனிதர்களிடம் கேட்டுப் பார்த்ததுண்டு.
அது வேறு கவிதை.)

முந்நூற்றைம்பது என்றாள். முந்நூறு என்றேன்.
இடக்கையால் வாங்கி, எண்ணாமல் மடித்தாள்.
படகை பஸ்ஸிலா கொண்டுபோவது? மிட்யாவின் வேன் வந்தது.
வேன் வளைவில் திரும்பும்வரை
விறகடுக்கின் வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
எங்களை அல்ல.

ஜூன் முதல் ஞாயிறு.
புதியவர்கள் ஆறு பேர், ஹெல்மெட்டுக்குள் எல்லோரும் ஒரே வயது.
மூன்றாவது அலையில் பக்கவாட்டில் சாய்ந்தேன்,
சாய்ந்திருக்கக் கூடாத பக்கம்.
சட்டென ஒரு அமைதி. குளிர் பல்லுக்குள் வந்தது.
பத்தொன்பது வருஷம் ஜன்னலில் ஓடிய நிறம்
இப்போது கண்ணுக்குள்.
இங்கே அது பச்சை இல்லை. வெள்ளை.
முழங்காலை விட்டேன்.

கரையில் இருமிக்கொண்டு நின்றபோது
படகு எனக்காகக் காத்திருக்கவில்லை,
வளைவு தாண்டிப் போய்விட்டிருந்தது.
துடுப்பு மட்டும் கையில்.
அதை விடாதது எப்படியென்று எனக்கே தெரியாது.

மாலையில் போன்.
"உங்கள் படகு ட்ர்னோவோவில்
பாறை நடுவே நின்றதாம்.
மீன்பிடிக்க வந்தவர் உள்ளே எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினார்.
என் எண். அழிக்க மறந்துவிட்டேன்."
பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.
"இப்போது பக்கத்தில்தான் நிற்கிறேன்" என்றாள் பிரினா.
கொஞ்சம் கழித்து,
"எந்த அலையில்?"
சொன்னேன்.
"அதுவா" என்று சிரித்தாள்,
பழைய வாடகைக்காரனை விசாரிப்பதுபோல.

அவள் எண்ணை நான் அழிக்கவில்லை.
அதற்குக் கீழே என் எண்ணை எழுதப்போனால்
பேனா வழுக்குகிறது. உள்ளே இன்னும் ஈரம்.
காய்ந்த பிறகு எழுதலாம்.
நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு முதல் வண்டி,
ஆறு பயணிகளின் பக்கம்.